'மை பிரதர் இஸ் எ டால்': அட்ஜெக்டிவில் நாம் தடுக்கி விழும் இடம்

"அட்ஜெக்டிவ் வகைகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் சொந்தமாக எழுதும்போது தப்பு வருகிறது. எப்படிப் புரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோத்தகிரியில் எஸ்டேட் லைன் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வகைகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஒரு பெயரை விவரிக்கும் சொல்தான் அட்ஜெக்டிவ், தமிழில் பெயரடை. அது தமிழில் எங்கே உட்காரும், ஆங்கிலத்தில் எங்கே உட்காரும் என்பதைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

எங்கள் தொட்டபெட்டாவையே எடுத்துக்கொள்வோம். படுக மொழியில் 'தொட்ட' என்றால் பெரிய, 'பெட்ட' என்றால் மலை. அந்தத் 'தொட்ட'தான் அட்ஜெக்டிவ். தமிழில் 'பெரிய மலை', ஆங்கிலத்தில் 'பிக் மவுண்டன்'. பெயருக்கு முன்னால் நிற்கும்வரை மூன்று மொழியும் ஒரே வழிதான்.

வாக்கியக் கடைசியில்தான் பாதை பிரிகிறது. 'மலை பெரிய' என்று நாம் முடிப்பதில்லை. 'மலை பெரியது', 'அண்ணன் உயரமானவன்' என்று அந்தச் சொல்லையே ஒரு பெயராக்கி நிறுத்துகிறோம். ஆங்கிலத்தில் 'டால்' (tall, உயரமான) முன்னால் வந்தாலும் கடைசியில் வந்தாலும் அதே 'டால்'தான். 'உயரமானவன்' நம் காதில் பெயர்ச்சொல்லாக ஒலிப்பதால் 'மை பிரதர் இஸ் எ டால்' என்று ஒரு 'எ' வந்து ஒட்டிக்கொள்கிறது. பின்னால் ஒரு பெயர் இருந்தால்தான் அந்த 'எ'வுக்கு வேலை: 'ஹீ இஸ் எ டால் பாய்'. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இதைச் சொன்னதும், தன் பழைய நோட்டைப் புரட்டி ஐந்து இடத்தில் தானே திருத்தினாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்று, 'குளிருது', 'பசிக்குது' இரண்டும் நமக்கு வினைச்சொல். ஆங்கிலத்தில் 'கோல்டு', 'ஹங்க்ரி' அட்ஜெக்டிவ்கள். தனியாக வாக்கியத்தை முடிக்க அவற்றால் ஆகாது. டிசம்பரில் இங்கே பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே 'டுடே வெரி கோல்டு' என்பார்கள். 'இட் இஸ் வெரி கோல்டு டுடே' என்று அந்த 'இஸ்' வந்தாக வேண்டும்.

'போரிங்', 'போர்டு' குழப்பத்துக்கு நம் பெயரெச்சமே, அதாவது பெயருக்கு முன்னால் வரும் 'கொதிக்கிற' போன்ற வினை வடிவமே, கைகொடுக்கும். 'பாய்லிங் வாட்டர்' கொதிக்கிற தண்ணீர். 'பாய்ல்டு வாட்டர்' கொதிக்கவைத்த தண்ணீர். அதேபோல 'போரிங்' என்றால் சலிப்பூட்டுகிற, 'போர்டு' என்றால் சலித்துப்போன. வகுப்பில் சலிப்பாக இருந்ததைச் சொல்ல நினைத்து 'ஐ வாஸ் போரிங்' என்று எழுதினால், நான்தான் மற்றவர்களைச் சலிக்கவைத்தேன் என்று அர்த்தமாகிவிடும்.

வகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குணம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றோடு 'திஸ்', 'மை', 'ஹூஸ்' போன்றவற்றையும் பழைய பள்ளி இலக்கணங்கள் அட்ஜெக்டிவில் சேர்த்தன. இந்தக் கடைசி மூன்றையும், 'சம்', 'மெனி' போன்றவற்றையும் இன்றைய இலக்கணங்கள் 'டிடர்மினர்' என்று தனியே பிரிக்கின்றன. அதனால்தான் வகைகள் எத்தனை என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. தேர்வில் உங்கள் பாடப்புத்தகக் கணக்கையே எழுதுங்கள்.

கடைசியாக ஒப்பீடு. 'கோத்தகிரியை விட ஊட்டி உயரம்' என்னும்போது 'உயரம்' மாறவில்லை, 'விட' மட்டும் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'ஹை' என்ற சொல்லே 'ஹையர்' ஆகிவிடுகிறது. அதன் தலையில் 'மோர்' வைத்து 'மோர் ஹையர்' என்று எழுதாதீர்கள். 'ஹையஸ்ட்' எழுதினால் எந்த எல்லைக்குள் என்றும் சேர்த்து எழுதுங்கள். 2637 மீட்டர் தொட்டபெட்டா 'தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு'. அதையே 'இன் சவுத் இந்தியா' என்று எழுதினால் இலக்கணம் சரி, செய்தி தப்பு: கேரளத்து ஆனைமுடி 2695 மீட்டர்.