பார்த்துக்கொள்வதும் பார்த்துக்கொண்டிருப்பதும்

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதம் முன்பு ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை, பக்கத்தில் அழும் தாய். இரவு பதினொன்றரை மணி. யோசிக்காமல் 2000 ரூபாய் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அதே குழந்தை, அதே தாய், ஆனால் வேறு பெயர், வேறு நம்பர்.

சக உயிருக்கு உதவும் குணம் பரிணாமத்தில் நமக்கு வந்தது என்று படித்திருக்கிறேன். அதையே ஊடகங்களும் சமூக வலைத்தளங்களும் தூண்டில் புழுவாக்கிவிட்டன. அப்படியானால் இரக்கம் என்பது முட்டாள்தனம்தானா? இதற்குக் கடுமையான சட்டம் வேண்டாமா? ஏஐ வந்தபிறகு எந்த முகத்தை நம்புவது? கீழ்வீட்டுப் பெரியவர் டயாலிசிஸுக்குப் போக ஆயிரம் ரூபாய் கைமாற்று கேட்டபோதுகூடச் சந்தேகமாகத்தான் பார்த்தேன். இனி யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

அம்மா திதிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ்ஸில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஊரிலிருந்து கிளம்பியது முதல் நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். இரவு பதினொன்றரைக்குப் பணம் அனுப்பிய ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து முடிவெடுத்த ஆளைப் பிடிக்கவில்லை. தொலைந்த இரண்டாயிரத்தை ரசீது மாதிரி பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆயுசுக்கும் யார் கேட்டாலும் அதை எடுத்துக் காட்டப் பார்க்கிறீர்கள். கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு மலிவாக உரிமம் கிடைத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்? சட்டம் வேண்டாமா என்கிறீர்கள். இருக்கிறது. இணைய மோசடிக்கென்றே இருக்கும் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். ஏஐ பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். உங்களை ஏமாற்றிய வீடியோவில் இருந்தது நிஜமான தாயாகவே இருக்கலாம், அவளுக்கே தெரியாமல் எடுத்துப் போட்டிருக்கலாம்.

திருடனை விடுங்கள். திருடாமலே எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் பிபிசி ஒரு செய்தி வெளியிட்டது. சிரியாவின் வடமேற்கே முகாம்களில் கிடந்த குடும்பங்கள், குழந்தைகளோடு டிக்டாக் நேரலையில் மணிக்கணக்காக உட்கார்ந்து கையேந்தின. பார்த்தவர்கள் ரோஜா, சிங்கம் என்று டிஜிட்டல் பரிசு அனுப்பினார்கள். பிபிசிக்காரர்களே 106 டாலருக்குப் பரிசு அனுப்பிச் சோதித்தார்கள். மறுமுனையில் கணக்கில் ஏறியது 33 டாலர். பணமாக மாற்றித் தருகிற கடைக்காரரும் இடைத்தரகரும் பங்கு எடுத்தால் குடும்பத்தின் கைக்கு வருவது 19. எங்கள் கமிஷன் அவ்வளவு இல்லை என்று கம்பெனி மறுத்தது. சரி, கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். முகாம் நிஜம், பசி நிஜம், அனுப்பியவர் மனசும் நிஜம். எங்குமே பொய் இல்லாமல் ஒரு வியாபாரம்!

இங்கேயாவது 106-க்கு 33 என்று ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கே வைக்க முடியாத ஒன்றை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்தேன்.

நடுக்காட்டுப்பட்டியை மறந்திருக்கமாட்டீர்கள். மணப்பாறை பக்கம். 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடாத போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், 2 வயதுக் குழந்தை விழுந்தான். ஞாயிறு தீபாவளி. எங்கள் ஊர் வேடசந்தூருக்குப் பக்கம், அங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அம்மா விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மஞ்சள் வைத்த புதுச்சேலையைக் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பேரனிடம் வெடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதிரசத்தை யாரும் தொடவில்லை. மீட்புப் பணி நாற்பது மணி நேரத்தைத் தாண்டிவிட்டது என்று திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. முதலில் இருபத்துச் சொச்சம் அடியில் இருந்தவன் நழுவி நழுவி எண்பது அடிக்கும் கீழே போய்விட்டான். நடுவில் நகைக்கடை விளம்பரம் வரும். அம்மா அடுத்த சேனலுக்குப் போவாள். அங்கும் அதே குழி.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்து பாரும்மா" என்றேன்.

"நாம பாக்கலேன்னா அந்தப் புள்ள தனியா இருக்குமேடா" என்றாள்.

இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை விட்டு என்னால் நகர முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது வேடிக்கை பார்ப்பது இல்லை. அவள் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிவியை அணைத்தால் கையை விட்டதாகிவிடும். தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2006 ஜூலையில் குருக்ஷேத்திரம் பக்கம் 5 வயதுப் பையன் போரில் விழுந்து ஐம்பது மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு வந்தபோதே கற்றுக்கொண்டுவிட்டார்கள். வம்பு, சண்டை, சினிமா எதற்கும் ஜனம் சலித்துப்போய் எழுந்துவிடும். இரக்கப்பட்டு உட்கார்ந்தவர்கள் எழமாட்டார்கள், எழுந்தால் குற்றவுணர்ச்சி வரும். கெட்டவனை டிவி முன்னால் உட்காரவைக்க ஆயிரம் வித்தை வேண்டும், நல்லவனுக்கு ஒரு குழி போதும்.

அதே நாட்களில் தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இந்த நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது, குளியலறைத் தண்ணீரில் மூழ்கி ஒரு 2 வயதுக் குழந்தை இறந்துபோனது. அந்தப் பெற்றோரை ஒரு சொல் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவர்கள் செய்ததும் அம்மா செய்ததும் ஒன்றுதான்.

ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தீர்களே, எனக்குத் தெரிந்ததும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2007-ல் வெளிவந்தது. மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் முகத்தைக் காட்டி நன்கொடை கேட்டால் தாராளமாகக் கொடுத்தவர்கள், பட்டினியில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரத்தைக் காட்டிக் கேட்டால் பாதிதான் கொடுத்தார்கள். முகத்தையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டினாலும் கை சுருங்கியது. நம் மனசின் லட்சணம் இது. ஒரு குழிக்குள் ஒரு குழந்தை என்றால் நாடே விழித்திருக்கும். ஊருக்கு ஊர் திறந்துகிடக்கும் குழிகளைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி வரும்.

எனக்கும் அப்படித்தான். அன்று மத்தியானம் தலைவலி தாங்காமல் கொல்லைப்பக்கம் போனேன். அடுத்தது மாமாவின் தோட்டம். அதற்கு ஐந்து வருஷம் முன்பு அதில் ஒரு போர் போட்டிருந்தார். அறுநூறு அடி போயும் வெறும் புகைதான் வந்தது. கேசிங் பைப்பை உருவி அடுத்த போருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாயில் ஒரு உரச்சாக்கு, அதன்மேல் ஒரு பலகைக்கல். சாக்கு வெயிலில் நைந்து நார்நாராகத் தொங்கியது. கல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், அன்றுதான் நின்றேன். ஒரு கூழாங்கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, அடியில் விழும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கல்லைக் காலால் தள்ளி நேராக்கிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

செவ்வாய் விடிகாலையில் உடலை எடுத்தார்கள். அன்று காலை ஃபேஸ்புக்கில் 'எங்களை மன்னித்துவிடு மகனே' என்று தொடங்கி ஒரு பதிவு போட்டேன். நான் எழுதியவற்றில் அதிகம் பகிரப்பட்டது இன்றுவரை அதுதான். அந்தக் கூழாங்கல் அதில் இல்லை.

அம்மாதான் விடவில்லை. "அண்ணே, அத மூடிரு" என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர், அடுத்த வருஷம் இன்னும் ஆழப்படுத்திப் பார்க்கலாம், அதுவரைக்கும் கிடக்கட்டும் என்பார். பொங்கல் சீர் கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "அந்தக் குழிய மூடிட்டு வா, அப்புறம் உள்ள வரலாம்" என்றாள். கரும்போடு வந்த மனுஷன் கரும்போடு திரும்பிப் போனார். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. ஒன்றரை டிராக்டர் கிராவல் பிடித்தது, மேலே சிமெண்ட் பூச்சு. கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. போன வாரம் போய்ப் பார்த்தேன். தட்டைப்பயறுக் கொடி மேலே படர்ந்துகிடக்கிறது. விலக்கிப் பார்த்தால்தான் சிமெண்ட் தெரிகிறது.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகம் தெரியாத தாயைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறீர்கள். பெரியவருக்கு ஒரே ஒரு வரி. அவர் கேட்டது கைமாற்றுதான், தானம்கூட இல்லை. கொடுத்தீர்களா என்றே எழுதவில்லை. டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகவேண்டியிருக்கும். எந்தெந்தக் கிழமை, யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றாவது கேட்டீர்களா?