மலைகளைப் பற்றித் தமிழில் என்ன படிக்கலாம்? மலைபடுகடாத்திலிருந்து தொடங்குங்கள்

மலையேறும் பழக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றும், மலைகளைப் பற்றித் தமிழில் தேடினால் தலபுராணங்களும் ஆங்கிலத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளும் மட்டுமே கிடைக்கின்றன என்றும், வேறு புத்தகம் ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "மட்டுமே" என்ற அந்தச் சொல்லைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நீங்கள் ஊரில் வேலையும் வாரக் கடைசியில் மலையும் என்று இருப்பவர், பாதையில் நடக்கும்போது பயன்படுகிற எழுத்தைத் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பதில் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடியாக அத்தொகுப்பில் நீளமானது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரில் வறுமையோடு வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்துக்கு அவனிடம் போகும் வழியைச் சொல்வதாக அமைந்தது. செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலை கலசப்பாக்கத்துக்கு அருகிலுள்ள பர்வதமலை என்று கூறுவர். சேயாறு இன்றைய செய்யாறு. தமிழாசிரியர் வீட்டுப் பெண், அதனால் எதைக் கேட்டாலும் சங்க இலக்கியத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள் என்று சிலர் எழுதக்கூடும் என்பது எனக்குத் தெரியும். பழமைக்காக இதை நான் பரிந்துரைக்கவில்லை. மலையில் எங்கே கால் வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறொரு தமிழ்ப் புத்தகத்தை நான் படித்ததில்லை என்பதே காரணம்.

1996 புரட்டாசியில் எனக்குப் பதினேழு வயது. பணி ஓய்வு பெற்றிருந்த அப்பா, நன்னனுடைய மலையை ஒருமுறையாவது காலால் அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் என்னை அழைத்துக்கொண்டு கடலாடி வழியாகப் பர்வதமலை ஏறினார். பௌர்ணமி நாளில் அந்த மலையில் கூட்டம் அலைமோதும். நாங்கள் போனது சாதாரண வேலைநாள் என்பதால் வழியில் ஆள் நடமாட்டமே இல்லை. புளிச்சோறு நிறைந்த எவர்சில்வர் தூக்கை அப்பா ஒரு துண்டில் முடிந்து தோளில் போட்டிருந்தார். கடப்பாறைகளை அடித்து நட்டுப் படியாக்கியிருக்கும் செங்குத்தான பாறையில் அவர் முன்னால் போய், ஒவ்வோர் இரும்பையும் அசைத்துப் பார்த்த பிறகே என்னைக் கைவைக்கச் சொன்னார். உச்சியில் மல்லிகார்ச்சுனரை வணங்கி, சோற்றைத் தின்று, இறங்கத் தொடங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

தவறு என்னுடையது. பாதையிலிருந்து சற்று விலகி, ஒரு பாறையின் நெற்றிக்கு அடியில் பெரிய தேனடை ஒன்று தொங்கியது. கறுத்துப் பளபளத்த அந்த அடையின் மேல் ஈக்கள் அலையலையாகச் சுருண்டு விரிந்தன. அதைப் பார்ப்பதற்காக நான் புதருக்குள் இறங்கினேன். என்னைத் தேடி அப்பாவும் இறங்கினார். திரும்பி ஏறியபோது நாங்கள் அடைந்தது வந்த பாதை அல்ல, மழைநீர் அறுத்த ஓர் ஓடைத் தடம். அதுவும் பாதை போலவே இருந்தது; அரை மணி நேரம் இறங்கிய பிறகு, கீழே வெறும் காற்று மட்டும் இருந்த ஒரு விளிம்பில் போய் முடிந்தது. மேகம் இறங்கிவிட்டது. முதல் நாள் மழையில் பாறையெல்லாம் பாசி. நான் அழுதுகொண்டே, இந்தப் பக்கம் போவோம், அந்தப் பக்கம் போவோம் என்று அவர் கையை இழுத்தேன்.

அப்பா ஒரு தட்டைப் பாறையைத் தேடி உட்கார்ந்தார். "பாப்பா, இனி ஓர் அடிகூட நகரக் கூடாது" என்றார். பிறகு, பாடம் நடத்தும் அதே குரலில் இந்த அடிகளைச் சொன்னார்:

"குறவரும் மருளும் குன்றத்துப் படினே
அகன்கண் பாறைத் துவன்றிக் கல்லென
இயங்கல் ஓம்பிநும் இயங்கள் தொடுமின்"

அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவர்களும் திசை தெரியாமல் மயங்கும் இடத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டால், அகன்ற பாறை ஒன்றில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து, நடப்பதை நிறுத்தி, கல்லென்று ஒலிக்கும்படி உங்கள் வாத்தியங்களை இசையுங்கள் என்பது பொருள். இயங்கல் என்றால் நடமாட்டம், இயங்கள் என்றால் இசைக்கருவிகள். ஓர் எழுத்து வேறுபாட்டில் புலவர் உயிர் காக்கும் விதியை மறக்க முடியாதபடி வைத்துவிட்டார். எங்களிடம் முழவும் இல்லை, ஆகுளி என்ற சிறுபறையும் இல்லை. அப்பா தூக்கைக் கவிழ்த்து, கூழாங்கல் ஒன்றை எடுத்து அதன் அடியில் தட்டத் தொடங்கினார். கை ஓய்ந்தபோது நான் தட்டினேன். முக்கால் மணி நேரம் இருக்கும். இருட்டும் வேளையில் கீழேயிருந்து ஒரு கூவல் கேட்டது. நாங்கள் தட்டத் தட்ட அந்தக் குரல் திசையைத் திருத்திக்கொண்டு நெருங்கி வந்தது.

வந்தவர் ஆடு மேய்ப்பவர். தலையில் முண்டாசு, கையில் அரிவாள். "ஐயா, இந்தப் பக்கம் மணிச் சத்தம் வர ஏது, யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு ஓடியாந்தேன்" என்றார். அவர் முதலில் செய்தது மடியை அவிழ்த்து இரண்டு சீதாப்பழங்களை என் கையில் வைத்ததுதான். "தின்னு தாயி, நடுக்கம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். ஊர் விளக்கு தெரிந்த பிறகே திரும்பிப் பார்த்தார். அப்பா நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை.

அடுத்த மாதம் முழுதும் நான் அப்பாவின் பத்துப்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு மலைபடுகடாத்தை அடி அடியாகப் படித்தேன். அப்பா சொன்ன மூன்று அடிகளுக்கு அடுத்து வருவதைப் படித்தபோது என் கை நடுங்கியது. காட்டைக் காத்து வாழும் கானவர் அந்த இசையைக் கேட்டு, ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிறவர்களின் கூக்குரலுக்கு ஓடிவருவதைப் போல விரைந்து வருவார்கள். உண்ண இனிய பழத்தையும் சூட இனிய பூவையும் காட்டி, இடையூறு நிறைந்த வழியில் தாமே முன் நடப்பார்கள். உங்கள் நெஞ்சின் அவலம் நீங்கும் என்கிறது பாட்டு. எங்களுக்குப் பூ மட்டும்தான் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய அடிகளுக்குத் திரும்பிப் போனபோது என் தவறும் அங்கே எழுதியிருந்தது. ஆடிய மயில் தளர்ந்து நின்றாலும், கழைக்கூத்துப் பிள்ளைகளைப் போல மூங்கில் கொம்பில் ஆண் குரங்கான கடுவன் தாவினாலும், நெடுவரையில் தேனடையையே கண்டாலும், "ஞெரேரென நோக்கல் ஓம்புமின்", சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், பார்த்தால் "நெறிமாறு படுகுவிர்", வழி தவறிப் போவீர்கள் என்று கூத்தன் எச்சரிக்கிறான். தேனடையை முதலிலேயே குறிப்பிட்டு என்னைத் திட்டாமல் விட்ட அப்பாவின் பெருந்தன்மை எனக்கு அன்றுதான் விளங்கியது.

நீங்கள் மலையேறுகிறவர் என்பதால் அந்தப் பகுதியின் மற்ற அறிவுரைகளையும் கவனியுங்கள். தினைப்புனத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்காகக் கல்பொறிகளை மாட்டிவைத்திருப்பார்கள், ஆகவே இருளில் நடக்காதீர்கள். பலரும் நடக்காத வழியில் பரல் நிறைந்த பிளவுகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும், குறித்துப் பார்த்து விலகிப் போங்கள். பரண்மேல் நின்று யானையை விரட்டும் கவண்கல் மூங்கிலைத் தாவி வரும், மரத்தின் மறைவிலேயே போங்கள். காட்டாற்றின் வழுக்கும் கரையில் தடித்த கொடியைப் பற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு "ஒருவிர் ஒருவிர் ஓம்பினர் கழிமின்", ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு கடந்து போங்கள். பாசி காலை வாரும் இடத்தில் வேரல் என்ற சிறுமூங்கிலையும் எருவை நாணலின் கோலையும் பற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆபத்துக்கும் அதற்குரிய செயல் அடுத்த அடியிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு மலையின் ஓசைகள் வருகின்றன. மலையை யானையாகக் கொண்டு, அதில் பிறக்கும் ஓசையை மதமாகச் சிறப்பித்ததால்தான் பாட்டுக்கே இந்தப் பெயர். கணவன் மார்பில் புலி பாய்ந்த புண் ஆறுவதற்காகக் கொடிச்சி என்ற மலைக்குறப் பெண் பாடும் பாட்டு, வேங்கைப் பூவைக் கண்ட மக்களின் ஆரவாரம், கைப்பிடி நழுவிய குட்டி பிளவில் விழுந்துவிட அதற்காக மந்தி தன் கூட்டத்தோடு எழுப்பும் ஓலம், கிளி ஓட்டும் ஒலி, தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு, கரும்பாலையின் இரைச்சல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மலையைக் காட்சியாகப் பார்த்த எழுத்து நிறைய உண்டு. மலையைக் காதால் கேட்டுக் கணக்கெடுத்த எழுத்து அரிது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டை 99 பூக்களின் பட்டியலாக மட்டும் பார்ப்பது அதற்கு நாம் செய்யும் அநீதி. மழைக்குப் பிந்தைய ஒரு மலைச்சாரலின் முழு நாள் அதில் இருக்கிறது. புதினத்தில் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' படியுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக்கணக்காகக் கொண்டு நீலகிரிப் படகர்களின் வாழ்க்கை மாறுவதைச் சொல்கிறது. மலையைத் தேநீர் விளம்பரத்தின் பச்சையாக மட்டும் அறிந்தவர்கள் 'எரியும் பனிக்காடு' படிக்க வேண்டும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்ததை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். மொழிபெயர்ப்பு என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள். அதில் பேசுகிறவர்கள் நம் மக்கள்தான். ஆங்கிலத்தில் படிக்க முடியுமானால், ஸ்காட்லாந்தின் கேர்ங்கார்ம் மலைகளைப் பற்றி நேன் ஷெப்பர்ட் (Nan Shepherd) என்ற பெண் எழுதிய சிறிய நூலைத் தேடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதி, பல ஆண்டுகள் கையெழுத்துப்படியாகவே கிடந்து 1977-இல் அச்சேறியது. 1950-இல் அன்னபூர்ணாவை வென்று திரும்பும் வழியில் கைகால் விரல்களை இழந்த மோரிஸ் எர்சோக்கின் நூல் பெரும்புகழ் பெற்றது. நானும் அதை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் என் மனம் ஷெப்பர்டின் பக்கம் சாய்கிறது. அவருக்கும் பெருங்கௌசிகனாருக்கும் உச்சி முக்கியமில்லை. மலைபடுகடாத்தின் கூத்தர்கள் மலையை வெல்லப் போகவில்லை, பசிக்குச் சோறு தேடிப் போகிறார்கள். வழியில் ஒரு சிற்றூரில் "நும்இல் போல நில்லாது புக்கு", உங்கள் சொந்த வீட்டைப் போல வாசலில் தயங்காமல் நுழையுங்கள், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும் என்கிறான் வழி சொல்பவன்.

இந்த விருந்தோம்பல் அடிகள் பத்தாம் வகுப்புப் பாடநூலில் உள்ளன, அது நல்லதே. ஆனால் வழி சொல்லும் பகுதியைத் தேடிப் படிக்க விரும்பும் ஒரு மாணவருக்கு நூல் எளிதில் கையில் கிடைக்க வேண்டாமா? அப்பா மறைந்த பிறகு அவருடைய பிரதி என் அண்ணனிடம் போய்விட்டதால், நான் வசிக்கும் ஊரின் நூலகத்துக்குப் பத்துப்பாட்டைத் தேடி மூன்று முறை போனேன். கண்ணாடி பீரோவுக்குள் அது இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. முதல்முறை சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை அது குறிப்புதவி நூல், வெளியே தர முடியாது என்றார்கள். மூன்றாம் முறை, அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்றபோது, இதைக் கேட்டு யாருமே வருவதில்லையே என்று ஓர் ஊழியர் வியந்தார். பூட்டிவைத்தால் யார் வந்து கேட்பார்கள்? உ. வே. சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டது பீரோவுக்காக அல்ல என்று அன்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அந்த ஊழியர் மீது தனிப்பட்ட குறை எனக்கில்லை, ஆனால் அப்படிச் சொன்னதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

சங்கத் தமிழ் கடினம் என்று தயங்கினால், பொ. வே. சோமசுந்தரனார் உரையுள்ள பதிப்பை வாங்குங்கள். முதல் அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 190-ஆம் அடியை ஒட்டி வழியின் ஆபத்துகள் தொடங்குகின்றன. அங்கிருந்து நூற்றைம்பது அடிகளை உரையோடு மெதுவாகப் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். எந்த மலைக்குப் போகப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பர்வதமலையாக இருந்தால், கூட்டம் இல்லாத நாளில் தனியாகப் போகாதீர்கள். ஒலி எழுப்ப ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். "அலரி விரிந்த விடியல்" என்று அவர் சொல்லும் வேளையில் ஏறத் தொடங்கினால், வெயில் சாய்வதற்குள் கடலாடிக்கு இறங்கிவிடலாம்.