மகளிர் ஆசியக் கோப்பை கூடைப்பந்தில் ஆஸ்திரேலியா ஏன் ஆடுகிறது?

மகளிர் ஆசியக் கோப்பை என்பது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாட்டு அணிகள் மோதும் கூடைப்பந்துப் போட்டி, நடத்துவது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா. பெயரில் ஆசியா இருந்தாலும் 2017 முதல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில்தான் ஆடுகின்றன.

காரணம் எளிது. இவையும் பசிபிக் தீவு நாடுகளும் சேர்ந்த ஓசியானியா வட்டாரத்தில் வலுவான அணிகள் என்றால் இவை இரண்டுதான், அதனால் அங்கே பட்டம் பல தடவை இவர்களுக்குள் நடக்கும் ஓரிரு ஆட்டங்களிலேயே முடிந்துவிடும். இரண்டே கபடிக் குழு உள்ள ஊர் தனியாகப் போட்டி நடத்துவதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்ப் போட்டியில் சேர்ந்துகொள்வது போலத்தான் இது.

இதனால் ஆசிய அணிகளுக்குப் பாதிப்பா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்திரேலியா வந்த பிறகும் 2017, 2019, 2021 மூன்றிலும் ஜப்பான்தான் கோப்பையை வென்றது, உயரத்தில் குறைந்த அணி வேகத்தாலும் தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடைகளாலும் ஜெயித்தது உண்மையிலேயே பெரிய விஷயம். 2023-இல் சிட்னியிலேயே சீனா வென்றது, ஆஸ்திரேலியாவுக்கு 2025-இல்தான் முதல் கோப்பை கிடைத்தது.

அப்புறம், பலம் ஏறக்குறைய ஒத்த அணிகள் மோத வேண்டும் என்று ஏ, பி என இரு பிரிவுகள் உண்டு. பி பிரிவில் முதலிடம் பிடித்தால் ஏ பிரிவுக்கு ஏறலாம், 2017-இல் பெங்களூருவில் இந்தியா அப்படித்தான் ஏறியது.

பலர் இதை ஆசிய விளையாட்டுப் போட்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள், அது ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் நடத்தும் வேறு போட்டி, அதன் கூடைப்பந்தில் ஆஸ்திரேலியா ஆடுவதில்லை.