அழைத்தும் வராத விமானம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, களத்தில் சிக்கிக்கொண்ட அமெரிக்கத் தரைப்படை வீரர்கள் வானொலியில் அழைத்தும் விமானங்கள் தாமதமாக வருவதற்கு விமானிகளின் தயக்கம்தான் காரணமா?

பதில்: இல்லை. எந்த விமானம், எந்தக் குண்டுகளுடன், எந்நேரத்தில், எங்கே பறக்க வேண்டும் என்று வரையறுக்கும் அன்றாடப் பறப்பு ஆணையைத் திட்டமிட்டு வெளியிடுவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரச் சுழற்சி வகுக்கப்பட்டுள்ளது. எதிரி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சுடுவதில்லை. ஆகவே, அவசர அழைப்பு வரும்போது வானில் காத்திருக்கும் விமானத்தை அனுப்ப வேண்டும், அல்லது வேறு இலக்குக்குச் செல்வதைத் திருப்பிவிட வேண்டும்.

கேள்வி: தரைப்படையே சொந்தமாகப் போர் விமானங்களை வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: அதிகாரப் பங்கீடு தடுக்கிறது. படைகளுக்கிடையே பணிகளைப் பிரித்த 1948-ஆம் ஆண்டின் கீ வெஸ்ட் உடன்பாடு, தரைப்படைக்கு வானிலிருந்து தாக்கி உதவும் பணியை விமானப்படையிடம் ஒப்படைத்தது. 1966-இல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஜான்சனும் விமானப்படைத் தலைமைத் தளபதி மெக்கானலும் மற்றோர் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, தரைப்படை தன் காரிபூ போக்குவரத்து விமானங்களை விட்டுக்கொடுத்தது. விமானப்படை பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. பின்னர் தரைப்படை உருவாக்க முயன்ற ஷயான் என்னும் வேகமான தாக்குதல் ஹெலிகாப்டர் 1972-இல் கைவிடப்பட்டது. அது வந்தால் பணியும் பணமும் கைமாறிவிடும் என்ற அச்சமே விமானப்படையை, தரைப்படைக்கு உதவவென்றே வடிவமைக்கப்பட்ட ஏ-10 தாக்குதல் விமானத்தின் பக்கம் தள்ளியது என்பது என் கணிப்பு.

கேள்வி: அப்படிப் பெற்ற ஏ-10 விமானத்தையே ஒழிக்க விமானப்படை முயன்றது ஏன்?

பதில்: ஏழு குழல்கள் கொண்ட 30 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுற்றியே கட்டப்பட்டு, விமானியை டைட்டானியத் தொட்டிக்குள் அமர்த்தும் அந்த விமானம், ஒரே வேலைக்கானது. பல வேலை செய்யும் எஃப்-35 விமானத்துக்குப் பணமும் பணியாளர்களும் தேவைப்பட்டதால், ஏ-10 அணிகளைக் கலைத்தால் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 420 கோடி டாலர் மிச்சமாகும் என்று 2014-இல் வாதிட்டார்கள். நாடாளுமன்றம் மறுத்துவிட்டது.

கேள்வி: அப்படியானால், எல்லா விமானங்களையும் ஒரே விமானப்படைத் தலைமையின்கீழ் வைக்கும் மையக் கட்டுப்பாடே தவறு என்கிறீர்களா?

பதில்: அவ்வாறு சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போரில், 1943-இன் தொடக்கத்தில் துனிசியாவில் விமானங்களைத் தரைப்படைத் தளபதிகளிடம் சிறு சிறு பிரிவுகளாகப் பங்கிட்டபோது, எங்குமே வலு திரளவில்லை. மறுபக்கம், 2002 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஷாஹிகோட் பள்ளத்தாக்கில் நடந்த அனகோண்டா நடவடிக்கைக்கான திட்டத்தில் வான்படைத் தலைமையகம் கடைசி நாட்களில்தான் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. குறுகிய பள்ளத்தாக்கில் பல குழுக்கள் ஒரே நேரத்தில் உதவி கேட்க, வானொலி அலைவரிசைகள் நெரிசலில் திணறின.

கேள்வி: கடலிலிருந்து கரையேறிப் போரிடும் மரைன் படைக்கு இந்தத் தொல்லை இல்லையல்லவா?

பதில்: சொந்த விமானங்கள் இருப்பதால் பொதுவாகக் குறைவு. ஆனால் கொரியப் போரின்போது, 1951-இல், அவ்விமானங்கள் அமெரிக்க விமானப்படையின் ஒரு பிரிவான ‘ஐந்தாவது விமானப்படை’யின் கட்டுப்பாட்டின்கீழ் வந்தபோது, மரைன் தளபதிகளும் தாமதத்தைப் பற்றி முறையிட்டார்கள்.