ஒரே அறை, மூன்று வகுப்பு: எதை எங்கே வைப்பது?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 26 பேரும் என்னிடம், ஒரே அறையில். இரண்டு பீரோ நிறையப் பழைய அட்டைகள், சார்ட்டுகள். பைகள் தரையெல்லாம் கிடக்கின்றன. பென்சில், ரப்பர், நோட்டு என்று நாள் முழுக்க யாராவது என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அதிகச் செலவில்லாமல் இந்த அறையை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில்: எதையும் நகர்த்துவதற்கு முன்னால் ஒருநாள் கணக்கெடுங்கள். மேசையில் ஒரு தாளை வையுங்கள். பிள்ளை ஒவ்வொரு முறை உங்களிடம் வரும்போதும் எதற்கு வந்தது என்று ஒரு சொல்லும் ஒரு கோடும் போதும். நான் முதன்முறை இப்படிக் கணக்கெடுத்த அன்று மாலை தாளைப் பார்த்தால், பாதிக்கு மேல் பென்சில். அடுத்தது “நோட்டு எங்கே வைக்கணும் டீச்சர்?” பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தவர்கள் மிகவும் குறைவு. உங்கள் தாளும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். உங்களைக் கேட்காமல் பிள்ளை தானே எடுத்து, தானே திருப்பி வைக்க முடிகிறதா என்பதுதான் வகுப்பறை ஒழுங்குக்கு நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல். அழகெல்லாம் அப்புறம்.

அடுத்து, பள்ளி விட்டதும் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி. நாம் நின்றபடி ஒட்டிய உயிர்மெய் அட்டவணை அந்தப் பிள்ளைக்கு விட்டம் பக்கத்தில் எங்கோ இருக்கும். தினமும் பார்க்க வேண்டியதும் எடுக்க வேண்டியதும் பிள்ளையின் தோளுயரத்துக்குள் வரட்டும். மாதம் ஒருமுறை தேவைப்படுவது பீரோவுக்குள் போகட்டும்.

பீரோவைக் காலி செய்வதுதான் பெரிய வேலை, ஒரு சனிக்கிழமை போய்விடும். ஆனால் எதையும் தூக்கிப் போடுவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஏறிய பொருளை நாமாகக் கழிக்கக் கூடாது. பதிவேட்டில் உள்ளதைக் கட்டிப் பெயரெழுதி மேல்தட்டில் வையுங்கள். மீதியில் இந்தப் பருவத்துக்கு ஆவது மட்டும் கீழ்த்தட்டில். கிழிந்த அட்டை, முனை மழுங்கிய ஸ்கெட்ச், பாதி தொலைந்த படக்கட்டு எல்லாம் வெளியே. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், நான்கு விரல் தள்ளி, செங்கல் மேல் நிற்கட்டும். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். மூன்று வருடத்துப் பிள்ளைகளின் ஓவியங்களை நான் ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் இழந்தேன்.

பென்சிலுக்கு வருவோம். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் உங்கள் நேரத்தை அதிகம் தின்பது இதுதான். இரண்டு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கூரான பென்சில் படத்தையும் இன்னொன்றில் முனை உடைந்த பென்சில் படத்தையும் ஒட்டுங்கள். காலையில் கூர் டப்பாவில் பத்துப் பன்னிரண்டு பென்சில் சீவித் தயாராக இருக்க வேண்டும். எழுதும்போது முனை உடைந்தால் பிள்ளை எழுந்து போய், உடைந்ததை ஒன்றில் போட்டு, கூரானதை மற்றதில் எடுத்துக்கொண்டு வந்து உட்காரும். யாரையும் கேட்க வேண்டாம். சாயங்காலம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து சீவி வைத்துவிடுவார்கள். ‘என் பென்சில், உன் பென்சில்’ சண்டை முதல் வாரம் வரும். வீட்டிலிருந்து கொண்டுவந்தது பையிலேயே இருக்கட்டும், டப்பாவில் இருப்பது வகுப்புப் பென்சில் என்று சொல்லிவிட்டால் அது அடங்கிவிடும். பென்சில் இல்லாமல் வரும் பிள்ளை தலைகுனிந்து நிற்கும் நிலையும் இதனால் போய்விடும். அதற்காகவே இதைச் செய்யலாம்.

நோட்டுகளுக்கு வகுப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி. திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப் பழக்குங்கள். 26 நோட்டில் பக்கம் தேடும் நேரம் மிச்சம்.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்து முடிவெடுங்கள். மூன்று வகுப்பையும் ஒரே கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார வைத்தால் மூன்று பேருக்கும் இடைஞ்சல். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சுவர் கொடுத்து, ப வடிவில் அமர்த்துங்கள். நடுவில் ஒரு பாய் காலியாக இருக்கட்டும். நீங்கள் நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் குழு அந்தப் பாய்க்கு வரும், மற்ற இரண்டும் தங்கள் சுவரருகே தாமாகச் செய்யும் வேலையில் இருக்கும். அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய 2022 முதல், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலைவாரியாகத்தானே நடத்துகிறோம். பாய்க்கு வருவது வகுப்பாக இல்லாமல் நிலையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அந்த நிலையின் பெயரைப் பிள்ளை உட்காரும் இடத்தில் எழுதி ஒட்டாதீர்கள். ‘நீ இன்னும் அரும்புதான்’ என்று பக்கத்துப் பிள்ளை சொல்லிக்காட்ட ஒரு நாள் போதும்.

ஜன்னல் வெளிச்சம் பிள்ளையின் இடப்பக்கத்திலிருந்து விழுந்தால் எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாது. எல்லோருக்கும் அப்படி அமையாது, எழுதும் வேலை அதிகமுள்ள மூன்றாம் வகுப்புக்காவது அந்தச் சுவரைக் கொடுங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடிக்காது.

உங்கள் அறையில் சுவரின் கீழ்ப்பகுதியில் தாழ்வான கரும்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை அட்டைகளை எடுத்துத் தானே செய்து கற்கும் முறை, மாநிலம் முழுக்க வந்தபோது பிள்ளைகளுக்கென்று போட்டவை அவை. பல பள்ளிகளில் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள், எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. இருந்தால் கறுப்பு அடித்துப் புதுப்பித்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துப் பெயர் எழுதிக் கொடுங்கள். தன் பெயரெழுதிய இடத்தில் பிள்ளை எழுதிப் பார்க்கும் எழுத்து வேறு மாதிரி இருக்கும்.

உங்கள் மேசை எங்கே இருக்கிறது? கரும்பலகைக்கு முன்னால் என்றால் ஒரு மூலைக்குத் தள்ளிவிடுங்கள். மூன்று வகுப்பு ஆசிரியருக்கு உட்கார நேரமும் இல்லை, நடுவில் மேசை இருந்தால் எல்லாப் பொருளும் அதன்மேல் வந்து குவியும்.

பைகளுக்கு ஜன்னலடிச் சுவரில் இரண்டடி உயரத்தில் ஒரு பலகையும் ஆணிகளும் அடித்தால் போதும், ஊரில் தச்சர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் சொன்னால் பெற்றோரில் ஒருவர் நிச்சயம் முன்வருவார். தண்ணீர் பாட்டில்களுக்கு வாசலுக்கு அந்தப்பக்கம் தனி வரிசை, புத்தகத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எதை எங்கே வைத்தாலும் கதவு முழுதாகத் திறக்க வேண்டும், கதவிலிருந்து பாய் வரைக்கும் வழி வெறுமையாக இருக்க வேண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு, வகுப்பறைக் கதவை மறைத்து நிற்கும் ஒரு பெஞ்சைக்கூட என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

கணக்குப் பொருள்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். சத்துணவுக்கு முட்டை வரும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்துக்கு ஆறு, முப்பது குழி. ஆறு குழி உள்ள பக்கத்தை இரண்டிரண்டாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். ஒரு துண்டு நிறைந்தால் பத்து. ஏழு கொட்டை வைத்தால் மூன்று குழி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குப் பத்தின் ஜோடிகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, நன்றாகக் காயவைத்தது. குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் விஷம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கிடைத்ததை வாயில் போடும் வயது. வெட்டிய அட்டைகளில் வாரம் ஒருமுறை ஈரம், பூச்சி பார்த்துக் கெட்டதை மாற்றிவிடுங்கள்.

புத்தகங்களை அடுக்கி வைத்தால் முதுகுதான் தெரியும். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அட்டைப்படம் தெரிய வேண்டும். சுவரில் இரண்டு கயிறு கட்டித் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு வாசிப்பு நிலைகளில் வந்த சிறுநூல்கள் பள்ளியில் இருந்தால் நான்கு கயிறாகவே பிரிக்கலாம். வாரம் பத்துப் புத்தகம் மட்டும் தொங்கட்டும், திங்கள்கிழமை மாற்றுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தொங்கினால் எதையும் எடுக்க மாட்டார்கள்.

சுவரும் அப்படித்தான். பாடம் முடிந்த சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். பாதிச் சுவர் வெறுமையாக இருந்தால் குற்றமில்லை. மைதாப் பசையில் ஒட்டினால் கரப்பான் வரும், டேப்பில் ஒட்டினால் உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும். கயிறும் கிளிப்பும்தான் நல்லது.

வேலைப் பங்கீடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பென்சில் சீவ, பாய் விரிக்க, புத்தகம் சரிபார்க்க, பலகை துடைக்க என்று ஒரு அட்டையில் வேலைகளின் படம், அதன் கீழே கிளிப்பில் பிள்ளைகளின் பெயர். ஒவ்வொரு திங்களும் கிளிப் ஒரு இடம் நகர வேண்டும். நம் விருப்பப்படி ஆளைக் கூப்பிட்டால், நமக்கே தெரியாமல் கூட்டுவதற்குப் பெண் பிள்ளையையும் சாவி எடுத்துவரப் பையனையும் கூப்பிடுவோம். சில ஊர்களில் எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்த வேலை என்பதும் அப்படித்தான் முடிவாகிறது. கிளிப்பு நகர்ந்தால் அதற்கு இடமே இல்லை. கழிப்பறைச் சுத்தம் அந்த அட்டையில் எந்தக் காலத்திலும் இருக்கக் கூடாது.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதல் வாரம் பென்சிலும் நோட்டும், அவை ஓடத் தொடங்கியதும் பையும் இடமும், பிறகு புத்தகம். ஒவ்வொரு பொருளுக்கும் தட்டில் தாள் ஒட்டி அதன் உருவத்தை வரைந்துவிடுங்கள். டப்பா இல்லாத இடத்தில் வட்டம் வெறுமையாகத் தெரியும், எழுத்து தெரியாத பிள்ளைக்கும் புரியும். எடுக்கவும் வைக்கவும் ஒரு பாடம் போலவே நடத்திக் காட்டுங்கள், மூன்று நாள் திரும்பத் திரும்ப. மாலை மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு பாட்டு, பாட்டு முடிவதற்குள் எல்லாம் அதனதன் இடத்தில். முதல் வாரம் பாட்டை மூன்று முறை பாட வேண்டியிருக்கும்.

தேர்தல் வந்தால் நம் அறைதான் பல ஊர்களில் வாக்குச்சாவடி. பாய், பெட்டி, கயிறு எல்லாம் இடம் மாறிக் கிடக்கும். சாவி கொடுப்பதற்கு முன் நான்கு சுவரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி பள்ளி திறக்கும் அன்று படத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள், எது எங்கே என்று அவர்கள் சொல்லிக்கொண்டே எடுத்து வைப்பார்கள்.