லேசிக் (கண்ணாடி இல்லாமல் பார்க்க, கருவிழியை லேசரால் திருத்தும் சிகிச்சை) செய்யப் போன இடத்தில் கண் உலர்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி செய்யவே முடியாதா?

பெரும்பாலானவர்களுக்கு முடியும். தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்கில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண் பார்வை பரிசோதகராக இருக்கிறேன். இங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில் பிறந்து வளர்ந்தவர்களும் சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்களும் என்னிடம் கேட்கிற கேள்விதான் இது. உங்களைக் காத்திருக்கச் சொன்ன மருத்துவர் நல்லதுதான் செய்திருக்கிறார்.

"கண்ணில் தண்ணீர் வழிகிறது, அப்புறம் எப்படி உலர்வு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணீர்ப் படலத்தின் மேல்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. அது குறைந்தால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் உறுத்தும். அந்த உறுத்தலுக்குத்தான் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் கண்ணில் நிற்காது.

காத்திருக்கச் சொல்வதில் முக்கியமான காரணம் அளவு. கருவிழியின் வளைவை அளக்கும் கருவி, கண்ணீர்ப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் படிக்கிறது. படலம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். அந்த எண்ணை நம்பித்தான் லேசர் திசுவைச் செதுக்குகிறது. செதுக்கியதைத் திரும்ப வைக்க வழியில்லை. இன்னொரு காரணம், லேசிக்கில் மூடி மாதிரி ஓர் அடுக்கை வெட்டித் திறக்கும்போது கருவிழி நரம்புகளும் வெட்டுப்படும். கண்ணீர் சுரக்கச் சொல்வதே அந்த நரம்புகள்தான். அதனால் சிகிச்சைக்குப் பிறகு சில மாதங்கள் கண் உலர்வது சகஜம். பலருக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சரியாகும். முன்பே உலர்ந்த கண்ணோடு போனவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வேறு லேசர் முறைகளும் உண்டு: ஸ்மைலில் வெட்டு சிறியது, பிஆர்கேயில் மூடியே கிடையாது. ஆனாலும் எந்த முறைக்குப் போனாலும் முதலில் உலர்வைக் கவனித்தாக வேண்டும்.

உங்கள் ஷிர்மர் அளவு 11 மில்லிமீட்டர், படலம் உடையும் நேரம் 4 விநாடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஷிர்மர் சோதனையில் கீழ் இமையில் வைக்கும் காகிதப் பட்டை 5 நிமிடத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் தண்ணீர் போதும் என்று பொருள். படலமோ கண் சிமிட்டிய பிறகு 10 விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டும். ஆக, உங்களுக்குக் குறை எண்ணெயில்தான் இருக்கும். இமை ஓரத்துச் சுரப்பிகளில் எண்ணெய், குளிரில் உறைந்த நெய்யாகக் கெட்டிப்பட்டிருக்கும்.

அதனால் வெந்நீர் ஒத்தடத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி, 10 நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், சூடாக்கும் கண் பட்டை வாங்குவது மேல். ஒத்தடம் கொடுத்த உடனே மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவிவிட்டு, இமை முடி ஓரத்தைச் சுத்தம் செய்யுங்கள். தினமும், வாரக்கணக்கில். செயற்கைக் கண்ணீர் அடிக்கடி விடுவதானால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகப் பாருங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்ததை ஓயாமல் விட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைக் கெடுக்கும். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம்.

அழற்சி இருந்தால் மருத்துவர் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதித் தருவார். முதலில் எரியும், பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். எரிகிறதே என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மீன் எண்ணெய் மாத்திரையை நான் வற்புறுத்துவதில்லை. 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

ஊரையும் கணக்கில் எடுங்கள். ஜோஹானஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அபூர்வம், காற்று வறண்டு கிடக்கும், வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. ஈரக்காற்று வீசும் கடலோர டர்பனிலிருந்து மாறி வருகிறவர்கள் முதல் குளிர்காலத்திலேயே கண் எரிகிறது என்பார்கள். அவசரம் இல்லையென்றால் மழை தொடங்கிய பிறகு செய்துகொள்ளுங்கள் என்பது என் யோசனை.

அலர்ஜி மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டும் கண்ணை உலர்த்தும். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால் ஷோக்ரன் நோய்க்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது) இரத்தப் பரிசோதனை வேண்டும். அது உறுதியானால் லேசரை விட்டுவிடச் சொல்வேன்.

மறு அளவுக்குப் போகுமுன் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸைக் குறைந்தது 2 வாரமாவது கழற்றி வையுங்கள், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள். வேறு வேறு நாளில் இரண்டு முறை அளக்கச் சொல்லி, இரண்டும் ஒத்துவந்த பிறகு தேதி வாங்குங்கள்.