ஸ்வீடிஷ் 'பார்ன்', வெல்ஷ் 'பார்ன்': ஒரே வேரா?

வெல்ஷ் (வேல்ஸ் நாட்டு மொழி) வாக்கியம் ஒன்றை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'பார்ன்' என்ற சொல் 'குழந்தை' என்று வந்தது, ஸ்வீடிஷ் 'பார்ன்' உடன் அதற்கு ஒரே வேரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பி-ஏ-ஆர்-என் என்ற எழுத்துக்கூட்டல் மட்டும்தான் ஒன்று. ஸ்வீடிஷில் அது குழந்தை. சுமப்பது, ஈனுவது என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் குழந்தையைச் சொல்லும் 'பேர்ன்' அதற்குப் பங்காளி. வெல்ஷில் அது கருத்து, தீர்ப்பு. வெல்ஷ் சேர்ந்த கெல்டிக் மொழிக் குடும்பத்துச் சொல், அதே குடும்பத்தில் பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழியிலும் தீர்ப்புதான்.

உங்கள் வெல்ஷ் வாக்கியத்தில் 'குழந்தை' நுழைந்தது ஏன்? மொழிபெயர்ப்புச் செயலி தானாகவே ஸ்வீடிஷ் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். மூல மொழி வெல்ஷ் என்று நீங்களே தேர்ந்தெடுத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

அப்புறம், வெல்ஷில் முதலெழுத்து மாறும், கொஞ்சம் படுத்தும். 'என் கருத்து' என்பது 'வ மார்ன் இ'. அச்சு அகராதியில் 'மார்ன்' என்று தேடாதீர்கள். 'பார்ன்' என்றே தேடுங்கள்.